இரண்டாம் எருக்குழி

எரு வெந்து ஆறிவிட்டதா என்று பார்க்க ஆம்பளைகள் இரும்புக் கம்பியைக் குத்தி வைத்து, உருவித் தொட்டுப் பார்ப்பார்கள். நான் கையைத்தான் விடுவேன். வளையலைக் கழற்றி முந்தியில் முடிந்துகொண்டு, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு இருபது எண்ணுவேன். பத்துக்குள் சூடு கையை உருவ வைத்தால் இன்னும் ஒரு மாசம் கிடக்க வேண்டும். இருபது எண்ணியும் கை சும்மா இருந்தால் அள்ளலாம். இப்படிப் பார்த்துத்தான் இத்தனை வருசமும் எரு அள்ளினேன். எங்க வாய்க்கால் கரையில் என் எருவுக்கு நிகராக இன்னொருத்தி போட்டதில்லை. இதை நானே சொல்லிக்கொள்ளுவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பிள்ளைகள் சிலேட்டு வைத்துப் படித்த காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டதுதான். அதனால் பைய எழுதுகிறேன். வாசிக்கிறவர்களும் பைய வாசிக்கட்டும்.

எருவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் எருவைப் பற்றி எழுதப்போனால் என் மூத்தவளைப் பற்றி எழுதாமல் தீராது. அவள் ஒன்பது நாள் இருந்தாள். பேர் வைக்கிறது பதினாறாம் நாள். அதனால் அவளுக்குப் பேர் கிடையாது. அவளை எங்கே வைத்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பல் முளைக்காத பிள்ளையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை, தோட்டத்திலேயே வைத்துவிடுவார்கள். வைத்த இடத்தைப் பெற்றவளிடம் சொல்லக் கூடாது என்பது எங்களில் வழக்கம். சொன்னால் அவள் அங்கேயே போய்க் கிடப்பாள், அடுத்தது தங்காது என்பார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதில் வந்ததுதான் இதெல்லாம்.

நான் களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஆற்றங்கரைக்கு வாக்கப்பட்டு வந்தவள். ஜெர்மன்காரன் சண்டைக்கு நாலைந்து வருசம் முந்தி. தாமிரபரணியிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலின் வடகரையில் வீடு. முன்னால் தெரு, பின்னால் நீளமாகத் தோட்டம். வேலியோரம் முழுக்கப் பூவரசு, நடுவில் ஒரு வேம்பு, ஒரு மாமரம், கிணற்றைச் சுற்றி வாழை, பூசைக்கு நந்தியாவட்டையும் செவ்வரளியும். மாமனார் நான் வருமுன்னே போய்விட்டார். வீட்டுக்காரர் கருப்பட்டி வியாபாரமாகக் குலசேகரன்பட்டினத்துக்கு வண்டி கட்டிப் போனால் வர இருபது நாள் ஆகும். வீட்டில் நானும் என் அத்தையும்தான். அத்தை என்றால் மாமியார்.

அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தோட்டத்தில் உதிர்ந்த இலையும், கழித்துவிட்ட கொப்பும் தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது, கொளுத்தவும் கூடாது. எல்லாம் எருக்குழிக்குத்தான். வந்த புதிதில் அத்தை என் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து, "இந்த வீட்டுல சருகக் கொளுத்துனவ யாருமில்ல, பாத்துக்கோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குழியை அடுக்குகிறதை நானே பார்த்துப் பார்த்துப் பழகினேன். பச்சை இலை ஒரு அடுக்கு, காய்ந்த சருகு ஒரு அடுக்கு, மேலே சாணித் தண்ணீர், அதன்மேல் ஒரு கூடை மண். நிரம்பினதும் சேறு பூசி மூடவேண்டும். உள்ளே வேகும்.

மூத்தவள் ஆவணியில் பிறந்தாள். தலைப்பிள்ளைக்குப் பிறந்த வீட்டுக்குத்தான் போவார்கள். எனக்கு அம்மா இல்லை, அதனால் அங்கேயே பெற்றேன். எங்க ஊர் மருத்துவச்சிதான் பார்த்தாள். ஒன்பதாம் நாள் காலையில் பிள்ளை பால் குடிக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் மடியில் வைத்திருந்தேன். பிறகு அத்தை வந்து வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மருத்துவச்சியும் அவள் புருசனும் அத்தையும் பின்வாசல் வழியாகப் போனார்கள். வீட்டுக்காரர் கடற்கரையில் இருந்தார். நான் இருந்த அறைக்குச் சன்னல் தெருப்பக்கம். மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது என்று தெரிந்துகொள்ளச் சுவரில் காதை வைத்தேன். சுவர் முழுக்கக் கேட்டது.

பால் நிற்கவில்லை. துணி நனைந்துகொண்டே இருந்தது. தாய்ப்பாலைக் கால் மிதிபடுகிற இடத்தில் ஊற்றக் கூடாது. பதினாறு கழிந்து நான் எழுந்து நடமாடினதும் அத்தை சொன்னாள்:

"தெக்கு வேலி ஓரத்துல ஒடஞ்ச அம்மி ஒண்ணு கெடக்கு. அதடியில போய் ஊத்து. அங்கன யாரும் மிதிக்க மாட்டாக."

நான் சிரட்டையில் பீய்ச்சி எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மிக் கல்லடியில் ஊற்றிவிட்டு வருவேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மண் உடனே குடித்துவிடும். ஒரு மாசம் ஊற்றியிருப்பேன். பிறகு பால் வற்றிப் போயிற்று. நான் அந்தப் பக்கம் போவதையும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு என்னால் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. விடிந்ததும் தோட்டத்தில் நிற்பேன். கூட்டினேன், கொப்புக் கழித்தேன், வாழைச் சருகை அரிந்தேன், வேலியை ஆள் மட்டத்துக்கு வெட்டிவிட்டேன். அடுத்த வீட்டுக்காரர்கள் சருகைக் கொளுத்தப் போனால் வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து வாங்கிக்கொண்டேன். "ஏளா, நீ என்ன ஆடா, எல வாங்கித் திங்கிறதுக்கு?" என்று அடுத்த வீட்டு மதினி சிரிப்பாள். "ஆடு தின்னா புழுக்கைதான் வரும். எங்கிட்ட குடுங்க மதினி, கருப்பட்டி மாதிரி எருவாத் தாரேன்" என்பேன். பேச்சில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை.

சித்திரைக்குள் குழி நிரம்பி மேடாகிவிட்டது. இன்னொரு குழி வேண்டும். தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். எங்கே குத்தினாலும் பூவரசு வேர். தெற்கு வேலியோரம் மட்டும் மண் இளகிக் கிடந்தது. முழங்கால் உயரம் புல், கரும்பச்சையாக. அந்த உடைந்த அம்மியும் அங்கேதான் கிடந்தது. அங்கே சிரட்டையோடு நின்ற ஞாபகம் எனக்கு ஆகவில்லை. குழி வெட்டிச் சருகைப் போட்டு மூடினால் அந்த ஞாபகமும் தொலையும் என்றுகூட நினைத்திருப்பேன்.

அத்தையிடம் சொன்னேன். "அங்கன வேண்டாம்" என்றாள்.

"ஏன் அத்தை?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"வேற எங்கன வெட்ட? வேரு விடமாட்டேங்கே."

"வேர வெட்டிட்டுத் தோண்டு. அங்கன வேண்டாம்."

காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் ஒருத்தி வேண்டாம் என்றால் மருமகளுக்கு என்ன தோன்றும்? எருவில் என் கை ஓங்கிவிட்டது, அது பொறுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

வைகாசி விசாகத்துக்கு அத்தை தெருப் பெண்களோடு திருச்செந்தூருக்கு நடந்து போனாள். போக வர ஐந்தாறு நாளாகும். அவள் தலை மறைந்த மறுநாள் காலையில் எங்கள் பண்ணையில் வேலை பார்க்கிறவரைக் கூப்பிட்டேன். தெற்கு வேலியோரம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கல்லைப் புரட்டிவிட்டு நாலு வெட்டு வெட்டினார். பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"சின்ன தாயி, இங்கன மண்ணு பொதபொதங்குது. முந்தியே யாரோ தோண்டி மூடுன மண்ணு மாதிரி இருக்கு."

"பன்னி கிளறியிருக்கும். நீ வெட்டு."

அவர் வெட்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன். வெட்ட வெட்ட வந்த மண் ஈரமாக, கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. இப்படி மண் இருக்கும்போது வெளியே எதற்கு மண் தேட என்று அதையே ஒரு பக்கம் குவிக்கச் சொன்னேன். அன்று சாயங்காலமே அடுக்கத் தொடங்கிவிட்டேன். இலை ஒரு அடுக்கு, சருகு ஒரு அடுக்கு, அந்த மண் ஒரு கூடை. என் கையாலேயே அள்ளினேன். கட்டியை விரலால் நெரித்து உதிர்த்துப் போட்டேன். அம்மிக் கல்லை வாளி வைக்கத் தோதாகக் கிணற்றடித் தொட்டிப் பக்கம் போட்டேன்.

அத்தை திரும்பி வந்தது ஒரு மத்தியானம். தலையில் மூட்டை, கையில் பன்னீர் இலையில் திருநீறு. கால் கழுவப் பின்னால் போனாள். போனவள் கழுவவில்லை. தெற்கே பார்த்தபடி நின்றாள். மூட்டையை இறக்கவும் இல்லை.

"தோண்டுன மண்ணு எங்க?" என்றாள்.

"எருவோட அடுக்கிட்டேன் அத்தை. நல்ல மண்ணு. வீணாக்கல."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அத்தை தொட்டிப் பக்கம் திரும்பினாள். வாளியை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, அம்மிக் கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள். நான் உதவிக்குப் போனேன். "தொடாத" என்றாள். பூசைச் செடிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைத்தாள். பிறகுதான் கால் கழுவினாள். என்னை வைவாள் என்று காத்திருந்தேன், பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் வையவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேசினபோது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அந்தப் புதுக் குழியில எச்சி எல போடாத. அடுப்படிக் குப்பையும் வேண்டாம்."

சரி, கிழவிக்கு ஏதோ மடி ஆசாரம் என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டதில் அந்தக் குழியில் தோட்டத்து இலையும் பூசையில் கழிந்த பூவும் தவிர வேறொன்றும் விழவில்லை. அதனால்தான் அதில் வந்த எரு வேறு எதிலும் வராதபடி வந்தது. அள்ளினால் கையில் ஒட்டாது. முதல் மழை விழுந்த மண் மாதிரி வாசம். நான் அதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குழி மற்றதைவிட அதிகமாகச் சத்தம் போடும். எருக்குழி எல்லாமே உள்ளே அமுங்கும்போது முணுமுணுக்கும், அது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் இதில் சேற்று மூடி வெடித்த இடத்தில் காதை வைத்தால், வாய் வைத்து உறிஞ்சுகிற மாதிரி இருக்கும். விட்டு விட்டு. ஆனி மாசக் குளிர்ந்த காற்றில் விடியற்காலம் அதன் மேல் ஆவி எழும். கையை உள்ளே விட்டால் காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரி சுடும். ஒரு தடவை அப்படிக் கையை விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது எனக்கு மார்பு கடுத்தது, பால் சுரக்கிறதுக்கு முன்னால் கடுக்குமே, அது மாதிரி. வற்றி எட்டு மாசம் ஆகியிருந்தது. கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாசமே குளிக்காமல் இருந்தேன் என்று பிறகு தெரிந்தது. அடுத்தது உண்டாகியிருந்தது, அதனால்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஐப்பசியில் வாய்க்கால் ரோட்டில் மரம் நட ஒரு ஓவர்சீயர் வந்தார். எங்கள் தெரு முடிகிற இடத்திலிருந்து ஆற்றுப் படித்துறை வரைக்கும் ஒன்பது மருதங்கன்று. கரை மண் வெறும் சரளை, கன்று பிடிக்காது, யார் வீட்டிலாவது நல்ல எரு உண்டா என்று கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஓவர்சீயர் புதுக் குழியில் ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.

"அண்ணாச்சி, இது எருவா, மூக்குப்பொடியா? இன்னுங் கொஞ்சம் கிட்டக் கொண்டு போனா இழுத்துருவேன் போலிருக்கே! யாரு பக்குவம் இது?"

"எல்லாம் வீட்டுல செய்யுததுதான்" என்றார் வீட்டுக்காரர். அவர் என்னைப் பற்றி இன்னொரு ஆம்பளையிடம் பெருமையாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவர் போனதும் அத்தை சொன்னாள், "வீட்டு எரு வீட்ட விட்டுப் போகப்படாது."

"சாலை மரத்துக்குத்தானே கேக்காக அத்தை. நாலு சனம் நிழல்ல நடக்கும்."

"அப்பம் பழைய குழியில இருந்து குடு."

"பழைய குழியில எச்சி எல கெடக்கு. குடுக்கிறதுல நல்லதக் குடுக்காண்டாமா?"

அத்தை வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் எனக்கு நிச்சயமாகத் தெரியும், சொல்ல வந்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். அப்போது ஐந்து மாசம் எனக்கு. வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பண்ணையில் வேலை பார்க்கிறவர்தான் அள்ளி வண்டியில் ஏற்றினார். கஞ்சத்தனம் செய்தேன் என்று பேர் வரக் கூடாது பாருங்கள். அடிவரைக்கும் வழித்து அள்ளச் சொன்னேன். கூடை தூக்குகிற தோறும் நான் எட்டிப் பார்த்து, "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு" என்றேன்.

மாசியில் மகன் பிறந்தான். நல்ல கனமான பிள்ளை, வீறிட்டு அழுதான். அதே மருத்துவச்சி. என்னைத் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு, நஞ்சுக்கொடியைச் சட்டியில் எடுத்து மூடிக்கொண்டு வாசல் நிலையில் நின்று அத்தையிடம் கேட்டாள்:

"பெரிய தாயி, இத எங்கன வைக்க? அக்காகாரி பக்கத்துலயே வெச்சிருவமா? அந்த அம்மிக் கல்லக் காணலியே, எடம் தெரியலியே எனக்கு."

மருத்துவச்சி நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். திரும்பி என் கண்ணைப் பார்த்தாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயில் அடித்துக்கொண்டாள்.

நான் அழவில்லை. அன்றைக்கு அழவில்லை. மகன் பக்கத்தில் கிடந்தான். நான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். கல். அதன் அடியில் ஊற்றின பால். இளகின மண். முழங்கால் புல். நானே நெரித்து உதிர்த்த கட்டிகள். அடிவரைக்கும் வழித்த கூடை. ஒன்பது கன்று.

நாற்பது நாள் வெளியே வரக் கூடாது. அந்த நாற்பது நாளும் விடியற்காலம் அத்தை தோட்டம் கூட்டுகிற சத்தம் கேட்கும். விளக்குமாறு ஒரு சீராக வரும். ஒரு இடத்தில் நிற்கும். பிறகு மறுபடியும் வரும். அந்த நின்ற இடம் எது என்று எனக்கு அப்போது தெரியும்.

நாற்பத்தொன்றாம் நாள் தலைக்கு ஊற்றினதும் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு தெற்கு வேலிக்குப் போனேன். அத்தை அங்கே சருகு கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத்தை சொல்லல?" என்றேன்.

அவள் கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். அப்புறம் சொன்னாள்: "சொல்லியிருந்தா நீ இங்கனயே கெடந்து அழுதிருப்ப. சொல்லாததுக்கு வெட்டிப் போட்டுட்ட. இதுல எது மேலுன்னு எனக்குத் தெரியலட்டி."

"நான் வெட்டுனப்பறமாவது சொல்லியிருக்கலாமே. வண்டியில ஏத்துனப்பமாவது."

"வயித்துப் பிள்ளைக்காரிகிட்ட என்னன்னு சொல்ல?"

மகன் அழத் தொடங்கினான். அத்தை அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு ரெண்டு போச்சு, ஒம் புருசனுக்கு முந்தி. ரெண்டும் இந்தத் தோட்டத்துலதான். எங்கனன்னு எங்க மாமியா எனக்குச் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கூட்டுத எடமெல்லாம் அதுக மேல கூட்டுத மாதிரியே இருக்கும். ஒனக்கு அப்படி வேண்டாம்னுதான் கல்ல வெச்சேன். வாயால சொல்லப்படாது, சரி. பாலாவது அதுக்குப் போய்ச் சேரட்டும்னு கல்லக் காட்டுனேன். நீ புரிஞ்சுக்கிடுவன்னு நெனச்சேன்."

நான் அப்போதுதான் அழுதேன்.

அந்தக் கோடையில் ஒன்பது கன்றில் ஏழு நின்றது. ஒன்றை ஆடு கடித்துவிட்டது, ஒன்றை வண்டிச் சக்கரம் ஒடித்துவிட்டது. ஆற்றில் குளித்துவிட்டு வருகிறபோது நான் ஏழு மரத்துக்கும் தண்ணீர் ஊற்றினேன். இடுப்பில் பிள்ளை, தலையில் குடம். ஒரு குடம் இரண்டு கன்றுக்குத்தான் வரும். அதனால் படித்துறைக்கும் ரோட்டுக்குமாக நாலு நடை. ஒடிந்துபோன இரண்டு இடத்திலும்கூட ஒரு கை தெளிப்பேன். எதில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதே. எந்தக் கன்று வாடினாலும் எனக்குப் பகீர் என்றது.

படித்துறையில் பெண்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "ஏளா, ஓவர்சீயர் ஒனக்குச் சம்பளம் பேசியிருக்காரா?" என்று அடுத்த வீட்டு மதினி கேட்டாள்.

"ஆமா மதினி, நெழலா அளந்து தாரேன்னு சொல்லியிருக்காரு. ஒங்களுக்கும் ஒரு மரக்கா வேணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று சேலை பிழிந்துகொண்டு என்னையே பார்த்தாள். எனக்கு உடம்பு இளைத்துப் போயிருந்தது. மகனுக்குப் பால் பற்றவில்லை.

மறுநாள் ஆற்றிலிருந்து திரும்பும்போது அத்தை எனக்கு முன்னால் நடந்தாள். அவள் குடம் வீட்டுக்கு, குடிதண்ணீர். அதை வழியில் இறக்கவே மாட்டாள். முதல் மரத்தைத் தாண்டினாள், இரண்டாவதைத் தாண்டினாள். மதகுக்குப் பக்கத்தில் ஐந்தாவது மருதத்தடியில் நின்றாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, முழுக் குடத்தையும் அதன் அடியில் பைய ஊற்றினாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துபோய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சொல் சொல்லவில்லை.

இந்தத் தடவை புரிந்துகொண்டேன். அன்றையிலிருந்து நான் அந்த ஐந்தாவது மரத்துக்கு மட்டும் ஊற்றினேன். அது மற்றதைவிட வேகமாக வளர்ந்தது. அம்மிக் கல்லையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அதன் அடியில் வைத்தேன். யாரும் உட்காராதபடி நிமிர்த்தி வைத்தேன். என் உடம்பு தேறியது. பால் சுரந்தது.

சண்டை முடிகிற சமயத்தில் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்தது. அத்தை அதில் போய்விட்டாள். நினைவு தப்புகிறதுக்கு முந்தி, "சருகக் கொளுத்திறாத" என்றாள். அவள் கருமாதிக்கு வந்திருந்தார் பண்ணையில் வேலை பார்த்தவர். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. கொல்லைப்புறம் உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவினபோது, பேச்சோடு பேச்சாக நான் கேட்டேன்.

"அன்னைக்கு மரம் நட்டப்பம், அடி மண்ண அஞ்சாவது குழியில போடச் சொன்னது எங்க அத்தைதானே?"

அவர் என்னைப் பார்த்தார். "இல்லியே தாயி. பெரிய தாயி ரோட்டுப் பக்கமே வரலியே அன்னைக்கு. வண்டியில இருந்து கவுத்துப்போட்டு, மம்பட்டியால பெரட்டி, ஒம்பது குழிக்கும் ஒரே மாதிரி அள்ளிப் போட்டோம். ஓவர்சீயர் நின்னு போடச் சொன்னாரு."

"நல்லா நெனப்பிருக்கா?"

"எனக்கு என்ன தாயி மறக்கும், நானே பெரட்டுனது."

சரி என்று சொல்லி அவருக்கு இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினேன்.

அத்தைக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி ஒரு மரத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு யாரும் காட்டாததை எனக்குக் காட்டினாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ரோட்டில் போய் நின்றபோது, நான் ஐந்தாறு வருசமாகத் திரும்பிப் பார்க்காத ஆறு மரமும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு இடம் வெறுமையாகக் கிடந்தது. காற்று இல்லை. மருத இலை ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது, ஏழு மரத்திலிருந்தும்.

மறு வாரம் வீட்டுக்காரரிடம் சொல்லி மதகுக்குப் பக்கத்தில் புறம்போக்கில் ஒரு குழி வெட்ட வைத்தேன். பெரிய குழி. ரோடு கூட்டுகிறவர்கள் அதுவரைக்கும் மருதச் சருகைக் குவித்துக் கொளுத்துவார்கள். நான் போய்ச் சண்டை பிடித்தேன். "ஒங்க வீட்டுச் சருகா ஆச்சி இது?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, எங்க வீட்டுச் சருகுதான்" என்றேன். என் வாய்க்குப் பயந்து விட்டுவிட்டாள். ஏழு மரத்துச் சருகையும் ஒரே குழியில் கொட்டினேன். எங்கள் வீட்டுத் தோட்டத்துச் சருகிலிருந்தும் தோட்டத்து மண்ணிலிருந்தும் வருசத்துக்குப் பத்துக் கூடை கொண்டுவந்து அதோடு கலந்தேன். அத்தையின் இரண்டும் அந்தத் தோட்டத்தில்தானே எங்கேயோ இருக்கிறது. அடுக்கி, மூடி, வேக வைத்து, ஆறினதும் பிரித்து ஏழு மரத்தடிக்கும் ஒரே அளவாகப் போட்டேன். வெறுமையாகக் கிடந்த இரண்டு இடத்திலும் புதுக்கன்று வைத்து அதற்கும் போட்டேன். இலை மறுபடி உதிரும், மறுபடி குழிக்கு வரும், மறுபடி ஒன்பதுக்கும் போகும். நாலைந்து வருசம் இப்படிப் போட்ட பிறகு எது எந்த மரத்தில் இருக்கிறது என்று பிரிக்க யாராலும் முடியாது. தெரியவில்லை என்று நான் தவிக்க வேண்டியதும் இல்லை.

இப்போது எருவை வேறு ஆட்கள் அள்ளுகிறார்கள். நான் குனிந்து எழ முடியாது. ஆனாலும் மார்கழியில் ஒரு தரம் கூட்டிப்போகச் சொல்லுவேன். போன மார்கழியில் போனபோது மதகுக் குழி மேல் ஆவி எழுந்துகொண்டிருந்தது. வளையலைக் கழற்றிக் கையை விட்டேன். முழங்கை வரைக்கும் சூடு. பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன், எடுக்க மனசு வரவில்லை. சருகுக் கூடையோடு பின்னால் ஒருத்தி வந்து நின்றாள்.

"ஆறிட்டா ஆச்சி?" என்றாள்.

"இன்னும் இல்ல. நீ பாத்துக் கொட்டு" என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டேன்.